இரண்டு அலைகளுக்கு நடுவில்
(சாவித்திரிபாய் பூலே நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மார்ச் 10. 1897ஆம் ஆண்டு இதே நாளில் சாவித்திரிபாய் பூலே இறந்தார். நாம் அவரை முதல் ஆசிரியை என்று நினைவு வைத்திருக்கிறோம். சுவரொட்டிகளில் அவர் கையில் புத்தகம் இருக்கும். ஆனால் அவர் இறந்தது பள்ளிக்கூட வேலையில் அல்ல. புனேயைப் பிளேக் பிடித்திருந்த நேரம். டாக்டராக இருந்த வளர்ப்பு மகன் யஷ்வந்தை வரவழைத்து, ஊருக்கு வெளியே ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். மகர் சேரியிலிருந்து பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தன் முதுகில் தூக்கி வந்தார் என்றும், அந்தப் பையன் பிழைத்தான் என்றும் சொல்வார்கள். தொற்று அவரைப் பிடித்தது. அவர் பிழைக்கவில்லை.

அவர் இறப்பதற்கு 34 நாள் முன்பு, பிப்ரவரி 4ஆம் தேதி, ஆங்கில அரசு ஒரு சட்டம் போட்டது. தொற்றுநோய்கள் சட்டம், 1897. மிகச் சிறிய சட்டம். அரசு எதை வேண்டுமானாலும் செய்யலாம், செய்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்பதுதான் அதன் சாரம். நோயாளிக்கு என்ன உரிமை, செத்தவன் குடும்பத்துக்கு அரசு என்ன செய்யும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. 123 ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக நாடு முழுக்கத் தூசி தட்டி எடுத்தது இதே சட்டத்தைத்தான். ஒரே கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு பக்கம் அந்தச் சட்டமும் மறுபக்கம் அந்த முதுகும் இருந்தன. அரசு எதை வாரிசாக எடுத்துக்கொண்டது என்று உங்களுக்குத் தெரியும்.

பிளேக் பாக்டீரியா நோய். இன்று நான் பேசப்போவது வைரஸ் நோய்களைப் பற்றி. அவை அலை அலையாக ஒரு நாட்டின் மக்கள்மீது எப்படி இறங்குகின்றன என்பதைப் பற்றி. 1918இன் இன்புளுயன்சா, 2020இன் கொரோனா, இரண்டும்தான் என் கையில் உள்ள சான்றுகள். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் எப்போதும் அலையின் உச்சியைப் பார்த்துப் பயப்படுகிறோம். தொலைக்காட்சியும் உச்சியைத்தான் காட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் உள்ள மாதங்கள். அடுத்த அலையில் யார் சாவார்கள் என்பது பெருமளவு அந்த அமைதியான மாதங்களில் முடிவாகிவிடுகிறது. முடிந்த பிறகு யாருடைய சாவு கணக்கில் ஏறும் என்பதும் அப்படித்தான்.

முதலில், நோய் ஏன் அலையாக வருகிறது? ஒருவர் சராசரியாக ஒருவருக்கு மேல் தொற்றவைத்தால் நோய் ஏறும். அதற்குக் கீழே போனால் இறங்கும். இறங்குவதற்குக் காரணங்கள் பல. மக்கள் பயந்து ஒதுங்குவார்கள், ஊரடங்கு போடுவார்கள், வந்து போனவர்களுக்குக் கொஞ்ச காலம் எதிர்ப்புச் சக்தி இருக்கும். மறுபடி ஏறுவதற்கும் காரணங்கள் உண்டு. பயம் தெளியும், கூட்டம் கூடும், எதிர்ப்புச் சக்தி குறையும், வைரஸ் உருமாறும். இவ்வளவும் உயிரியல். ஆனால் ‘மக்கள் ஒதுங்குவார்கள்’ என்று சொன்னேன் பாருங்கள், அங்கேயே சமூகவியல் நுழைந்துவிட்டது. எல்லோராலும் ஒதுங்க முடியாது. ஊர் ஒதுங்குவதற்காகவே சிலர் வெளியே வந்தாக வேண்டும். குப்பை அள்ள, சாக்கடை தள்ள, பிணம் எரிக்க. 2020இல் தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது. ஒப்பந்த வேலை ஒப்பந்த வேலையாகவே இருந்தது.

இனி 1918க்குப் போவோம்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் காவலர்களிடம் காய்ச்சல் கண்டது. உலகப் போரிலிருந்து சிப்பாய்களைச் சுமந்துகொண்டு கப்பல்கள் வந்துகொண்டிருந்த நேரம். துறைமுகத்திலிருந்து அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் பரவியது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாள் காய்ச்சல், உடம்புவலி, அவ்வளவுதான். ஜூலையில் தணிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

செப்டம்பரில் அது திரும்பி வந்தபோது வேறு நோயாக இருந்தது. நுரையீரலில் நீர் கோத்து, இளவயதுக்காரர்கள் சில நாட்களில் செத்தார்கள். அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரத்தில் 768 பேர். ரயில் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் காய்ச்சலும் போனது. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் மோசமாக அடிபட்டன. கிழக்கே வங்காளம் வரை போனபோது அதன் வேகம் குறைந்திருந்தது. 1919 தொடக்கத்தில் மூன்றாம் அலை, அது சிறியது. மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள்? குறைந்தபட்சக் கணக்கு ஒரு கோடியே 20 லட்சம். ஒரு கோடியே 80 லட்சம் வரை சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் அந்த நோயில் இவ்வளவு பேர் சாகவில்லை. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை, 1921இல் 25.1 கோடி. இருபதாம் நூற்றாண்டில் இந்திய மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இதற்கு எத்தனை வரி என்று மாணவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் என்ன நடந்தது? அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. தானிய விலை ஏறியது. போருக்காகத் தானியம் வெளியே போய்க்கொண்டிருந்தது. டாக்டர்களில் பலர் ராணுவப் பணிக்குப் போயிருந்தார்கள். ஆக இரண்டாம் அலை வந்து சேர்ந்தபோது அது எதிர்கொண்டது பட்டினியில் கிடந்த உடம்புகளை. வைரஸ் உருமாறியதற்கு யாரும் பொறுப்பில்லை. குதிர் காலியாக இருந்ததற்குப் பொறுப்பானவர்கள் உண்டு.

இந்தியாவில் அந்தக் காய்ச்சல் ஆண்களைவிடப் பெண்களை அதிகம் கொன்றது. 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள். ஏன் என்று 1921 கணக்கெடுப்பு அறிக்கையே யோசிக்கிறது. வீட்டில் எல்லோரையும் பார்த்துக்கொண்டவள் அவள். கடைசியில் சாப்பிட்டவளும் அவள். அவள் படுத்தபோது பார்க்க ஆளில்லை. சாவித்திரிபாயின் சாவை நாம் தியாகம் என்கிறோம், சரிதான். 21 ஆண்டு கழித்து லட்சக்கணக்கான பெண்கள் அதே வேலையைச் செய்து செத்தபோது அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

இப்போது நான் காட்ட விரும்புகிற எண்கள். பம்பாய் நகரில் இன்புளுயன்சாவால் இறந்தவர்களின் விகிதம் சமூக வாரியாகக் கிடைக்கிறது. ஆயிரம் பேருக்கு, ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9.0. இந்தியக் கிறித்தவர் 18.4. சாதி இந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. கடைசி வரிசையில் ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள்: 61.6.

கொஞ்சம் நின்று பார்ப்போம். ஐரோப்பியருக்கும் சாதி இந்துவுக்கும் நடுவில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அதைக் காலனியம் என்று விளக்கலாம், தேசியவாதிகள் அப்படித்தான் விளக்குவார்கள். சாதி இந்துவுக்கும் அவர்கள் ‘தாழ்ந்தவர்’ என்று எழுதியவருக்கும் நடுவில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இதை விளக்க வெள்ளைக்காரன் போதாது. ஏழ்மைதான் காரணம், சாதியில்லை என்பார்கள். பம்பாய் முஸ்லிம்களிலும் ஏழைகள் ஏராளம், அவர்கள் எண் 19.2இல் நிற்கிறது. காற்றுவராத ஒற்றை அறை, ஆலையில் தரப்படாத பிரிவுகள், மலம் அள்ளும் வேலை, குழாயடியில் கடைசி வரிசை, டாக்டர் தொட மறுத்த நாடி இவையெல்லாம் சேர்ந்த எண் அது. ‘தாழ்ந்த சாதி’ என்ற அந்தக் கட்டத்துக்குள் யார் யாரை அடைத்தார்கள் என்பதில் குழப்பம் உண்டு, காலனியக் கணக்குகள் அப்படித்தான். ஆனாலும் எண் இருக்கிறது. அதை மறந்துவிடாதீர்கள், இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

அம்பேத்கர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்பீர்கள். அவர் குடும்பம் குடியிருந்தது பம்பாய் பரேலில், இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய சால் குடியிருப்பில். அந்த டிரஸ்டையே 1896 பிளேக்குக்குப் பிறகு, நகரத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று சொல்லித்தான் 1898இல் உண்டாக்கினார்கள். ஒரு கொள்ளைநோயின் விளைவாக வந்த குடியிருப்பு அடுத்த கொள்ளைநோயைச் சந்தித்தது. இரண்டாம் அலையின் உச்சம் அக்டோபர். நவம்பரில் அம்பேத்கர் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். மூன்று மாதத்துக்குள், 1919 ஜனவரியில், சவுத்பரோ குழுவின் முன்னால் தீண்டப்படாதோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று சாட்சியம் சொன்னார். எங்களை இந்துக்களோடு சேர்த்து எண்ணாதீர்கள், எங்கள் நிலைமை வேறு என்பது அந்த வாதத்தின் உயிர். அதே நகரத்தின் சாவுக்கணக்கும் அதையேதான் சொன்னது, 18.9, 61.6 என்று.

இன்னொரு சேதி. காந்திக்கு 1918இல் வந்தது இன்புளுயன்சா என்று பல கட்டுரைகளில் இப்போதும் எழுதுகிறார்கள். அவர் தன் சுயசரிதையில் எழுதியிருப்பது வயிற்றுக்கடுப்பு. ஒரு பெரிய மனிதரின் காய்ச்சலைச் சொன்னால்தான் ஒரு கோடிப் பேரின் காய்ச்சல் வரலாற்றில் நுழைய முடியும் போலிருக்கிறது.

கிராமத்தில் என்ன நடந்தது? இறப்பைப் பதிவுசெய்யும் வேலை சென்னை மாகாணத்தில் கிராம முன்சீப்பிடம் இருந்தது, வடக்கே சௌகிதாரிடம் இருந்தது. காய்ச்சல் உச்சத்தில் அந்தப் பதிவு முறையே குலைந்துபோனது. எழுத வேண்டியவர்களே படுத்துவிட்டார்கள், செத்தும் போனார்கள். எனக்கு இதில் வேறொரு கேள்வி. மராட்டியத்தில் சாவுச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோகும் கடமை மகர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தது. நம் பக்கத்திலும் இழவு சொல்லப் போனவர்கள் யார், பறையடித்தவர்கள் யார், குழி வெட்டியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஊரின் சாவுச் சேதியையெல்லாம் கால் தேய நடந்து சொன்னவர்கள் வீட்டில் சாவு விழுந்தபோது அதை யார் போய் யாரிடம் சொன்னார்கள்? முன்சீப் சேரிக்குள் வந்து கேட்டு எழுதியிருப்பாரா?

என் பாட்டி அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு பிறந்தவர். அவருடைய அம்மா, எங்கள் பூட்டி, ‘காய்ச்சல் வருசம்’ என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்த வருசம் அறுப்புக்கு ஆள் இல்லை, ஆண்டை வீட்டுக்காரர்களே வயலில் இறங்கினார்கள் என்று. பூட்டிக்கு அதுதான் நினைவில் நின்ற அதிசயம். கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேரில் தான் மட்டும் மிஞ்சியதை அதற்கடுத்த வரியாகச் சாதாரணமாகச் சொல்வாராம். அந்த நாலு பேருக்கும் பெயர் இருந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்போது தெரியாது.

இந்தி இலக்கியத்தில் நிராலா அந்தக் காய்ச்சலில் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் இழந்தார். கங்கையில் பிணங்கள் மிதந்ததைப் பின்னால் எழுதினார். 103 ஆண்டு கழித்து, 2021 மே மாதம், பீகாரின் பக்சர் மாவட்டத்தில் கங்கைக் கரையில் 71 உடல்களை எடுத்தார்கள். இரண்டு முறையும் இரண்டாம் அலையில்தான்.

கொரோனாவுக்கு வருகிறேன். இதை நீங்கள் வாழ்ந்து பார்த்தவர்கள் என்பதால் வேகமாகச் சொல்கிறேன். 2020 ஜனவரி 30, கேரளத்தில் முதல் நோயாளி. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. நான்கு மணி நேரம் அவகாசம். பிறகு நெடுஞ்சாலையில் நடந்தவர்கள். மே 8ஆம் தேதி அவுரங்காபாத் பக்கத்தில் தண்டவாளத்தில் தூங்கிய 16 தொழிலாளர்கள்மேல் சரக்கு ரயில் ஏறியது. எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் வழியில் செத்தார்கள் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படிப்பட்ட தரவு இல்லை என்றது ஒன்றிய அரசு.

‘சமூக விலகல்’ என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது. எங்களில் பலர் அதை எதிர்த்து எழுதினோம். நூற்றாண்டுகளாகச் சமூகம் எங்களிடம் கடைப்பிடித்ததை இப்போது சுகாதாரம் என்கிறீர்களே என்று. சொல் பிறகு ‘இடைவெளி’ ஆனது. ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் எது இடைவெளி என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அதற்கான பதிலை மும்பையிலிருந்து ஒரு ஆய்வு எண்ணாகவே கொடுத்தது. 2020 ஜூலையில் மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை நடத்தின. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. குடிசையல்லாத பகுதிகளில் 16 விழுக்காடு. அதே நகரம், அதே வார்டு, அதே மாதம். மும்பையின் தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன நம் மக்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவர்கள் எந்த அடி அளவில் இடைவெளி விடுவார்கள்?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021இல் இரண்டாம் அலை தொடங்கியபோது மும்பையில் பதிவான தொற்றுகளில் பெரும்பாலானவை அடுக்குமாடிகளில் இருந்தன, குடிசைகளில் அல்ல. முதல் அலையில் வந்தவர்களுக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி இருந்தது ஒரு காரணம். பரிசோதனைக்குப் போகிறவர் யார் என்பது இன்னொன்று. எல்லா அலையும் எப்போதும் நம்மைத்தான் முதலில் அடிக்கும் என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள். வைரஸுக்குச் சூத்திரம் தெரியாது. அடுக்குமாடியை அடித்தபோது மருத்துவமனைக் கட்டில், ஆக்சிஜன் என்பது தேசியப் பேச்சாக மாறியது என்பதை மட்டும் கவனியுங்கள்.

இந்த இடைவெளி மாதங்களுக்கு வாருங்கள். 2020 செப்டம்பர் நடுவில் நாளுக்கு 97 ஆயிரம் தொற்றுகளைத் தொட்டு அலை இறங்கியது. பிப்ரவரியில் பத்தாயிரம் அளவுக்கு வந்துவிட்டது. நவம்பரிலேயே நாடாளுமன்ற நிலைக்குழு ஆக்சிஜன் உற்பத்தியை உறுதிசெய்யச் சொல்லி அறிக்கை கொடுத்திருந்தது. ஜனவரி கடைசியில் பிரதமர் டாவோஸ் மாநாட்டில், இந்தியா கொரோனாவைக் கட்டுப்படுத்தி மனிதகுலத்தைப் பேரழிவிலிருந்து காப்பாற்றியதாகப் பேசினார். மார்ச் தொடக்கத்தில் சுகாதார அமைச்சர், நாம் கொள்ளைநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறோம் என்றார். ஏப்ரலில் கும்பமேளா. ஐந்து இடங்களில் தேர்தல், நம்முடையதும் சேர்த்து. மே 6ஆம் தேதி ஒரே நாளில் பதிவான தொற்று 4.14 லட்சம்.

இரண்டாம் அலைக்கு முன் ஜனவரி வாக்கில் நாட்டில் 21 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பணுக்கள் இருந்ததாக மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. ஜூன், ஜூலையில் அது 67 விழுக்காடு. தடுப்பூசி போட்டவர்களும் இதில் அடக்கம் என்றாலும், சில மாதங்களில் பாதி நாட்டை அந்த அலை தொட்டுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி வேண்டுமென்றால் இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று விதி வைத்தார்கள். உச்ச நீதிமன்றமே அதைக் கேள்வி கேட்டது. மூன்றாம் அலை ஒமைக்ரான், 2022 ஜனவரி. தடுப்பூசி போட்டிருந்தோம், நோயும் மாறியிருந்தது, சாவு குறைவு.

எத்தனை பேர் செத்தார்கள்? 2021 முடிவு வரை அரசுக் கணக்கு 4.81 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 47 லட்சம். அரசு ஏற்கவில்லை. சரி, அரசின் சொந்தப் பதிவேட்டையே பார்ப்போம். 2025 மேயில் வெளியிட்ட கணக்குப்படி 2020இல் பதிவான இறப்புகள் ஏறக்குறைய 81 லட்சம், 2021இல் ஒரு கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடுதல். ஆக்சிஜன் இல்லாமல் செத்ததாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்று மாநிலங்களவையில் பதில் சொன்னதும் இதே ஆண்டில்தான்.

இந்தக் கூடுதல் லட்சங்களில் நாம் எத்தனை பேர்? இறப்புப் பதிவுப் படிவத்தில் மதம் கேட்கிறார்கள், தொழில் கேட்கிறார்கள். சாதி கேட்பதில்லை. 1918இல் வெள்ளைக்காரன் காலத்தில் 61.6 என்று எழுதிவைக்க முடிந்த ஒன்றை, நம் அரசியல் சட்டத்தின் கீழ் நம்மால் கேட்கக்கூட முடியவில்லை. சாதியற்ற சாவு என்று நினைத்துவிடாதீர்கள். சாதி எழுதப்படாத சாவு, அவ்வளவுதான்.

ஒரே ஒரு சன்னல் திறந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின் தரவை வைத்துச் சில ஆய்வாளர்கள், 2019ஐயும் 2020ஐயும் ஒப்பிட்டு 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன்படி 2020இல் இந்தியர்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 2.6 ஆண்டு குறைந்தது. ஆண்களுக்கு 2.1, பெண்களுக்கு 3.1. உயர்சாதி இந்துக்களுக்கு 1.3 ஆண்டு. பட்டியல் சாதியினருக்கு 2.7. பழங்குடியினருக்கு 4.1. முஸ்லிம்களுக்கு 5.4. ஏற்கெனவே குறைவாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களிடமிருந்துதான் அதிகம் பறிபோயிருக்கிறது. அரசு இதையும் நிராகரித்தது. இதில் பெண்களுக்கு அதிகம் குறைந்திருப்பதைப் பாருங்கள், 1918இன் அந்தப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்களா? இன்னொன்று, இது முதல் அலை ஆண்டு மட்டும். பெரிய அலைக்கு, 2021க்கு, இந்தக் கணக்கு இதில் இல்லை.

இதுவரை புத்தகத்திலிருந்து பேசினேன். இனி என் சித்தப்பாவைப் பற்றி.

ஊர் பெயர் வேண்டாம். ஒரு சின்ன நகரத்தின் எரிவாயு தகன மேடையில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தார். அவருடைய அப்பா அதே சுடுகாட்டில் விறகு அடுக்கியவர். முதல் அலையில் வாரத்துக்கு இரண்டு கவச உடை கொடுத்தார்கள். பொன்னாடைகூடப் போர்த்தினார்கள், போட்டோ எங்கள் வீட்டில் இருக்கிறது. டிசம்பரில் உடை நின்றது. அலை முடிந்துவிட்டதாம். பிப்ரவரியில் முன்களப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி வந்தபோது, ஒப்பந்தக்காரர் கொடுத்த பட்டியலில் நிரந்தரப் பெயர்கள் மட்டும் இருந்தன. சித்தப்பா பெயர் இல்லை. “அடுத்த லிஸ்ட்ல வருதுன்னு சொன்னாங்கப்பா” என்று என்னிடம் சொன்னார். நான் சமூகவியல் படித்தவன், இயக்கத்தில் இருப்பவன். சரி சித்தப்பா என்று கேட்டுக்கொண்டேன். யாரிடமும் போய்ச் சண்டை போடவில்லை. எனக்கும் அப்போது அலை முடிந்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் உடல்கள் வரத் தொடங்கியபோது அவர் உடம்பில் கைலியும் முகத்தில் துண்டும்தான். ஜூன் முதல் வாரம் ஐந்து நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். பரிசோதனை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. சான்றிதழில் காரணம் இதயச் செயலிழப்பு. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள் அல்லவா, சித்தி நாலு முறை அலுவலகத்துக்கு நடந்தார். பாசிட்டிவ் ரிப்போர்ட் எங்கே என்றார்கள். ஐந்தாவது முறை போகவில்லை, அன்றைக்கு வேலைக்குப் போனால் கூலியாவது மிஞ்சும் என்றார். தம்பி அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. திறந்தபோது அவன் அப்பாவின் இடத்தில் வேலைக்கு நின்றுவிட்டான். 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது, நல்ல திட்டம்தான். இல்லத்தில் அவன் இல்லை. நான்காவது அலை என்று ஒன்று வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு நான் அவனைத்தான் காட்டுவேன்.

சித்தப்பா ஒரு டைரி வைத்திருந்தார். உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. உடலுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், ஒப்பந்தக்காரர் ஏமாற்றிவிடக் கூடாதென்று ஒவ்வொரு நாளும் கோடு போட்டு வைப்பார். ஜனவரிப் பக்கங்களில் நாளுக்கு மூன்று, நான்கு கோடு. மே மாதப் பக்கங்களில் கோடுகள் தேதியைத் தாண்டி, ஓரத்தில் ஏறி, அச்சடித்த விளம்பரத்தின் மேலெல்லாம் போகின்றன. கொரோனா என்றோ, வேறு என்றோ அவர் பிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் ஒரு கூலி. எந்த அலுவலகக் கணக்கையும்விட எனக்கு அந்த டைரிமேல் நம்பிக்கை அதிகம்.

1918க்குப் பிறகு, 1921 மார்ச்சில், குறித்த காலத்தில் கணக்கெடுப்பு நடந்தது. அதனால்தான் எவ்வளவு இழந்தோம் என்று நமக்குத் தெரியும். கொரோனாவுக்குப் பிறகு 2021 கணக்கெடுப்பைத் தள்ளித் தள்ளி 2027க்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதில் சாதியும் கேட்கப்போகிறார்கள். நாம் நீண்ட காலம் கேட்டது, வரவேற்போம். ஆனால் அது இருப்பவர்களின் கணக்கு. கதவைத் தட்டுபவர், உங்கள் வீட்டில் இப்போது எத்தனை பேர் என்று கேட்பார். யார் இல்லை என்று கேட்கமாட்டார்.

அந்தக் கேள்வியை மாணவர்களிடம் விடுகிறேன். அவரவர் ஊருக்கு, அவரவர் தெருவுக்குப் போங்கள். 2020 மார்ச்சிலிருந்து 2022 மார்ச் வரை யார் யார் இறந்தார்கள், என்ன வயது, என்ன வேலை, எத்தனை நாள் காய்ச்சல், பரிசோதனை நடந்ததா, தடுப்பூசி போட்டிருந்தார்களா, சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது, உதவித்தொகை வந்ததா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆராய்ச்சி முறையியல் பிறகு பேசிக்கொள்ளலாம். சுடுகாட்டில் வேலை செய்பவரிடம் தனியாகப் போய் உட்காருங்கள், அவருக்கு நினைவிருக்கும். பாட்டிகளிடம் கேட்கும்போது ‘காய்ச்சல் வருசம்’ பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் தெருவில் நான் தொடங்கிவிட்டேன். டைரி இங்கேதான் இருக்கிறது, கூட்டம் முடிந்து பார்க்கலாம். ஜூன் 2ஆம் தேதியோடு சித்தப்பாவின் கோடுகள் நிற்கின்றன. ஜூன் 9இல் மறுபடி தொடங்குகின்றன, கொஞ்சம் சாய்வாக. அது தம்பியின் கை. அந்தப் பக்கத்தின் முதல் கோடு யாருக்கு என்று அவனிடம் நான் கேட்டதில்லை.